கேரளா சீட்டோடு நின்ற மலாய்க்காரி

மலேசியாவில், கிள்ளானில் என் வீட்டுப் பின்னறையில் புது மெத்தை ஒன்று பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் கிடக்கிறது. அதில் படுக்க ஓர் ஆளைக் கூட்டிவரத்தான் நான் சென்னைக்குப் போனேன். ஆள் என் அக்கா பார்வதி. ஊர் சுற்றிப் பார்க்கிற ஆசையெல்லாம் எனக்குக் கிடையாது. பக்கத்து ஊருக்குப் பேருந்து ஏறவே நாலு நாள் யோசிக்கிறவள் நான்.

அக்காவை அப்பாவின் சொந்தத்தில், திருமழிசையில் கட்டிக்கொடுத்து முப்பத்தெட்டு வருஷம் ஆகிறது. அப்பா இறந்தபோது வந்து பத்து நாள் இருந்தாள். மற்றபடி எல்லாம் தொலைபேசிதான். போன வருஷம் அத்தான் தவறிப்போனார். சில மாதம் கழித்து ஒரு நாள் பேசிக்கொண்டிருந்தபோது, "பேசாம அங்கயே வந்துடலாம்னு தோணுதுடி மல்லி" என்றாள். சொல்லிவிட்டு அவள் வேறு பேச்சுக்குப் போய்விட்டாள். நான் போகவில்லை. என் வீட்டுக்காரரும் இல்லை, மகள் ஜொகூரில் இருக்கிறாள். காலையில் நாசி லெமாக், அதுதான் தேங்காய்ப்பால் சோறு, பொட்டலம் கட்டி விற்றுவிட்டு வந்தால் அன்றைய பொழுதுக்கு வீட்டில் என் குரல் மட்டும்தான். பின்னறையைக் காலி செய்தேன், மெத்தை வாங்கினேன், கடப்பிதழ், அதாவது பாஸ்போர்ட், எடுத்தேன். அக்காவிடம் நவராத்திரி பார்க்க வருகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

முதல் நாள் விமான நிலையத்தில் அக்கா மகன் முரளி காரோடு நின்றான். கடப்பிதழை ஒரு துணிப்பையில் போட்டு ரவிக்கைக்குள் ஊக்கு குத்தி வைத்திருந்தேன். அது இருக்கிறதா என்று நான் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை நெஞ்சில் கை வைத்துப் பார்க்க, அவன் மாரடைப்போ என்று பயந்துபோய், சித்தி வண்டியை ஓரம் கட்டவா என்று கேட்டான். சாலை முழுக்க தலைக்கு மேலே மெட்ரோ தூண்கள் கூடவே வந்தன. எங்கள் ஊரில் ஹார்ன் அடித்தால் சண்டைக்கு வருகிறான் என்று அர்த்தம். இங்கே அது இருமல் மாதிரி, எல்லாருக்கும் வந்துகொண்டே இருக்கிறது.

வேலப்பன்சாவடியில் திரும்பி நூம்பலுக்குள் போனோம். அக்கா இப்போது முரளியோடு இருப்பது அங்கேதான். ஒரு பக்கம் எருமை கட்டியிருந்தது, எதிர்ப்பக்கம் பன்னிரண்டு மாடி அடுக்ககம். ஆறாவது மாடியில் அக்கா கதவைத் திறந்து, "இன்னாடி இப்டி எளச்சிட்டே?" என்றாள். குரல் அக்காவுடையது. பேச்சு யாருடையதோ. தொலைபேசியில் கேட்டுப் பழகியதுதான், ஆனால் முகத்தோடு சேர்த்துக் கேட்டபோது ஒரு நிமிஷம் இது யார் என்றிருந்தது.

கோப்பி கொடுத்தாள். இவ்வளவூண்டு டம்ளர். ருசி பார்க்கக் கொடுக்கிறார்கள், பின்னால் குவளையில் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. மருமகள் ரேவதி, மதுரைப் பெண், கணினிக் கம்பெனியில் வேலை. அவளிடம் எல்லாரும் பசியாறியாச்சா என்று கேட்டேன். அவள் விழித்தாள். காலைச் சாப்பாட்டை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம் என்றேன். நல்லா இருக்கே சின்னத்தை என்று சொல்லிவிட்டு அன்று முழுக்க வீட்டிலிருக்கிறவர்களையெல்லாம் பசியாறியாச்சா என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

மறுநாள்தான் கொலு. ரேவதிக்கு ஒவ்வொரு வருஷமும் ஏதாவது புதுமை செய்ய வேண்டும். இந்த வருஷம் இந்திய மாநிலங்கள். பஞ்சாப் ஜோடி, வங்காள ஜோடி, ராஜஸ்தான் ஜோடி என்று தேடித் தேடி வாங்கி, கீழே ஊர்ப்பேரை அச்சடித்துச் சீட்டு ஒட்டியிருந்தாள். பொம்மைகளைப் பார்த்ததும் எனக்கு எங்கள் பொம்மை நினைவு வந்தது. என் நாலு வயதில் அப்பா எங்கள் இருவரையும் கோலாலம்பூருக்குக் கூட்டிப்போனார். அங்கே ஒரு கடையில் மலாய்க்காரப் பெண் பொம்மை, ஊதா நிறத்தில் நீளச் சட்டையும் கைலியும், பொன் இழை ஓடிய துணி, கொண்டையில் பித்தளைப் பூ. இரண்டு பேரும் அழுதோம். அப்பா ஒன்றுதான் வாங்கினார். ஒரு வாரம் அவளுக்கு, ஒரு வாரம் எனக்கு. நாங்கள் அதற்குப் பேர் வைக்கவில்லை, மலாய்க்காரி என்றே சொல்வோம். அக்கா கல்யாணமாகிக் கிளம்பியது அவளுடைய வாரம். பெட்டியில் வைத்துக் கொண்டுபோய்விட்டாள்.

உங்கள் வீட்டில் மலாய் பொம்மை ஒன்று இருந்ததே என்று ரேவதியிடம் கேட்டேன்.

"மலாயா? குல்ஃபில போடுவாங்களே, அதுவா சின்னத்தை?"

அது இல்லை, ஒரு பெண் பொம்மை, பழசு என்றேன். அப்படி எதுவும் இல்லை, அத்தையுடைய பழைய பொம்மை என்றால் இந்த மலையாளத்துப் பொம்மை ஒன்றுதான் என்று மூன்றாவது படியைக் காட்டினாள். கதகளிக்காரனுக்குப் பக்கத்தில் வெள்ளைப் புடவை, ஜரிகைக் கரை, நெற்றியில் சந்தனக் கீற்று. காலடியில் 'கேரளா' என்று சீட்டு. நல்ல பொம்மைதான் என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போது அதன் இடக்கையைப் பார்த்தேன். மூன்று விரல் இல்லை. அந்த மூன்று விரலையும் நான்தான் கடித்துத் தின்றேன். அம்மா இரண்டு நாள் என் மலத்தைக் கிளறிப் பார்த்தாள்.

தரையில் உட்கார்ந்துவிட்டேன். புடவையை லேசாக ஒதுக்கினால் உள்ளே ஊதா தெரிந்தது, வெளிறிப் பழுப்படித்து. அவிழ்க்கப் போனேன். ரேவதி பதறி வந்து கையைப் பிடித்தாள். கலசம் வைத்தாயிற்று, இனி விஜயதசமி அன்று பொம்மையைப் படுக்கவைக்கிறவரை எதையும் அசைக்கக் கூடாது என்றாள். நான் அதற்கு முன்பே கிளம்பிவிடுவேன். இது கேரளா இல்லை, மலேசியா என்றேன். அவள் படிகளை ஒரு தரம் மேலும் கீழும் பார்த்தாள். "மாநிலத்துல மலேசியா வராதே சின்னத்தை" என்றாள், நிஜமான வருத்தத்தோடு.

அக்காவிடம் போய்க் கேட்டேன். பால்கனியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். யார் புடவை சுற்றியது, நீ ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "வுடுறி. இத்தினி வருசமா அப்டித்தான நின்னுகினு கீறா. அவளுக்கு இன்னா கொறஞ்சிபோச்சு?" என்று கடைசித் துணியையும் உதறிப் போட்டுவிட்டு உள்ளே போனாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. பொம்மையின் ஊரையே மாற்றிவிட்டவர்கள் அக்காவை எப்படி வைத்திருந்திருப்பார்கள்? மகன் மருமகள் வேலைக்குப் போனபின் சமையல், துணி, கொலு, சுண்டல் எல்லாம் அவள் தலையில். அத்தானும் இல்லை. இனி யாருக்காக இங்கே? இதை வைத்தே பேச்சைத் தொடங்கிவிடலாம் என்று நினைத்தேன். மூன்றாம் நாள் காலை கேட்க இருந்தேன், விருந்தாளி வந்தார்கள். மாலையில் கேட்க இருந்தேன், எனக்கு வயிறு சரியில்லை. மொச்சைச் சுண்டல்.

ஐந்தாம் நாள் வீட்டில் சும்மா இருப்பது கூச்சமாக இருந்ததால் பூந்தமல்லிக்குத் தனியாகப் போய்க் கொலுவுக்குப் பூவும் பழமும் வாங்கிவருகிறேன் என்றேன். எனக்கே ஆச்சரியம்தான். போகும்போது முரளி இறக்கிவிட்டான். திரும்பும்போது பேருந்து. வேலப்பன்சாவடி போகுமா என்று ஓர் அம்மாவிடம் கேட்டேன், போகும் என்று அவர் கை காட்டியதும் பக்கத்தில் நின்ற வண்டியில் ஏறினேன். அவர் காட்டியது சாலைக்கு எதிர்ப்பக்கமாம். அது பிறகுதான் புரிந்தது.

நடத்துநர் எங்கே என்றுகூடக் கேட்காமல் சீட்டைக் கிழித்துக் கையில் கொடுத்துவிட்டுக் காசு வாங்காமல் நகர்ந்தார். பெண்களுக்கு இலவசமாம். எனக்கு வியர்த்துவிட்டது. இந்த ஊர்ப் பெண்களுக்குத்தானே கொடுக்கிறார்கள், வெளிநாட்டுக்காரி வாங்கினால் குற்றமாகிவிடாதா? எங்கள் ஊரில் மருத்துவமனையில் குடிமக்களுக்கு ஒரு வரிசை, அந்நியருக்கு ஒரு வரிசை. அவர் பின்னாலேயே போய், ஐயா நான் மலேசியா என்றேன், கடப்பிதழை எடுக்கக் கையை ரவிக்கைப் பக்கம் கொண்டுபோனேன். அவர் அவசரமாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டு, "எந்த ஊரா இருந்தா இன்னாம்மா, பொம்பளதானே? போய் உக்காரு" என்றார். பின்சீட்டில் ஒருவர், அக்கா நானும் வேணும்னா மலேசியான்னு சொல்றேன், எனக்கும் ஃப்ரீயா குடுப்பாரா என்று கேட்க, வண்டியே சிரித்தது. இந்தக் களேபரத்தில் சன்னல் வழியே நான் பார்க்கவில்லை. பார்த்தபோது தொழிற்பேட்டைக் கொட்டகைகளும் நடுநடுவே நெல் வயலும் ஓடிக்கொண்டிருந்தன. நூம்பலில் நெல் கிடையாது. எங்கள் ஊர்ப் பேருந்தில் மணியை அழுத்தினால் நிற்கும். இங்கே மேலும் கீழும் தேடினேன், மணி இல்லை. வாய்விட்டு நிறுத்து என்று கத்த எனக்கு வராது. அது தானாக நின்ற இடத்தில் இறங்கினேன். கடைப் பலகையில் திருமழிசை என்று போட்டிருந்தது, அக்கா வாழ்க்கைப்பட்ட ஊர்.

அக்காவை அழைத்தேன். திட்டினாள், நிக்கிற எடத்துலயே நில்லு வரேன் என்றாள். நின்ற இடம் ஒரு பூக்கடை. பூ கட்டிக்கொண்டிருந்த அம்மாவுக்கு அறுபத்தைந்து இருக்கும், பேர் தனம். நாற்காலி போட்டு, சோடா வாங்கிக் கொடுத்து, நான் யார் என்று விசாரித்தார். பார்வதி தங்கச்சி என்றேன். எந்தப் பார்வதி? கடல் கடந்து கட்டிவந்த பார்வதி. அவர் கை நின்றுவிட்டது.

"மலையாளப் பொம்ம வெச்சிருந்துச்சே, அந்தப் பொண்ணா?"

நான் தலையாட்டினேன். அவர் என்னை இன்னொரு தரம் ஏற இறங்கப் பார்த்துவிட்டு என் பக்கம் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார். பிறகு சொன்னார். அக்கா வந்த புதிதில் மாமியார் பெட்டியைத் திறந்து, பொம்மையை எடுத்து, இது இன்னாடி என்றாராம். மலையாளத்துக்காரி என்றாளாம் அக்கா. மலையாளம் என்றால் அந்தத் தெருவுக்கு மாந்திரீகம். மை வைப்பார்கள், பொம்மையில் ஊசி குத்துவார்கள். மாமியாருக்கு ஒரு வாரம் தூக்கம் இல்லை. கொழுந்தன்காரன் மட்டும் நம்பவில்லையாம். அவன் கை நீட்டுகிறவன். சோறு குழைந்துவிட்டது என்று தட்டைத் தூக்கி அக்கா மேல் வீசியிருக்கிறான். "மறாநாளே அவனுக்குக் குளிர் ஜொரம். பத்து நாளு படுத்த படுக்க. அவன் எந்திரிச்சி வந்து மொத வேலையா அந்தப் பொம்ம கால்ல வுழுந்தான். நான் கண்ணால பாத்தேன்."

அதன்பிறகு அந்த வீட்டில் அக்காவை யாரும் கை நீட்டியதில்லை, குரல்கூட உயர்த்தியதில்லை. மாமியார் தாமே புடவை நெய்யச் சொல்லி, மலையாளத்தாளுக்கு அவள் ஊர் உடுப்பு கட்டி, சாமி மாடத்தில் ஏற்றி வைத்தாராம். வெள்ளிக்கிழமை தவறாமல் பூ தனம் அம்மா கடையிலிருந்துதான். நல்ல கிராக்கி என்றார்.

நான் சோடாவைக் குடிக்காமல் பிடித்துக்கொண்டிருந்தேன். அக்கா கல்யாணமாகிப் போன அதே வருஷம்தான் அம்மாவுக்கு முடியாமல் போனது. பார்க்க வேறு ஆள் இல்லாமல் நான் ஆறாம் வகுப்புக்கு அடுத்து வரும் புகுமுக வகுப்போடு பள்ளியை விட்டேன். பதின்மூன்று வயது. அம்மாவுக்குக் கஞ்சி வைத்துக்கொண்டே, அக்கா மட்டும் கடல் கடந்து போய் மகாராணிபோல இருக்கிறாள், பொம்மையையும் கொண்டுபோய்விட்டாள் என்று எரிந்துகொண்டிருந்தேன். இந்தப் பயணத்தில் ஒரு தடவையாவது அதைச் சொல்லிக்காட்டிவிட வேண்டும் என்றுகூட வந்திருந்தேன். அவளுக்கு அப்போது இருபத்தொன்று. தெரியாத ஊரில் சோற்றுத்தட்டு மேலே வந்து விழுந்தபோது அவள் பக்கம் நிற்க இருந்தது அந்த மூன்று விரல் போன பொம்மைதான்.

ஆட்டோவில் வந்து இறங்கிய அக்காவைத் தனம் அம்மா எழுந்து நின்று வரவேற்றார். போகிற வருகிற இரண்டு பேர் நின்று நலம் விசாரித்தார்கள். ஒருவர் நில அளவை விஷயமாக யோசனை கேட்டார், அக்கா நடந்துகொண்டே பதில் சொன்னாள். ஆட்டோவில் ஏறியதும் நான் பொம்மைக் கதையைக் கேட்டேன். அவள் சத்தமில்லாமல் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

"நான் மலாய்க்காரின்னுதான்டி சொன்னேன். அந்தம்மா காதுல வேற உழுந்துது. அன்னிக்கே திருத்திருப்பேன், பேச்சுக்கு நடுவுல வுட்டுப்போச்சு. அதுக்குள்ள அவனுக்கு ஜொரம் வந்துச்சு. அப்பறம் திருத்துவனா? நான் இன்னா பைத்தியமா?"

பயமாக இல்லையா என்று கேட்டேன். இருந்தது என்றாள். ஒருநாள் நிஜ மலையாளத்துக்காரர் யாராவது வந்து பொம்மையைப் பார்த்துவிடுவாரோ என்று ரொம்ப நாள் பயந்தாளாம். இப்போது மாமியாரும் இல்லை, கொழுந்தனும் இல்லை. பயந்தவர்கள் எல்லாரும் போய்விட்டார்கள். ரேவதிக்கு அது வெறும் கேரளா.

ஆட்டோக்காரர் தொழிற்பேட்டை வழியாகத் திருப்பினார். அக்கா முன்னால் சாய்ந்து, "இன்னா அண்ணாத்தே, லாரிக்குப் பின்னால போயி புழுதி குடிக்கவா? நேரா வுடு. எங்க ஊர்ல எங்களுக்கே வழி காட்றியா?" என்றாள். அவர் மறுபேச்சில்லாமல் நேராக விட்டார்.

எங்க ஊர் என்றாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். நம்ம ஊர் என்றால் அதில் நானும் இருப்பேன். எங்க ஊரில் நான் இல்லை. அவள் யோசித்துச் சொல்லவில்லை, அதனால்தான் உறைத்தது. வேலப்பன்சாவடி வரும்வரை வெளியே ஓடுகிற கடைப் பலகைகளையே படித்துக்கொண்டிருந்தேன். அக்கா "வெயில் ஒத்துக்கலியா?" என்று கேட்டு முந்தானையால் எனக்கு விசிறினாள்.

ஏழாம் நாள் நான் கிளம்ப வேண்டும். இரவு விமானம். அக்கா சமையலறைத் தரையில் காராமணியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நானும் உட்கார்ந்து பொறுக்கினேன். பதில் தெரிந்தாலும் கேட்காமல் போனால் கிள்ளானில் அந்த அறைக் கதவை எப்படித் திறப்பது?

"அக்கா, நான் கொலு பார்க்க வரலை. உன்னைக் கூட்டிப்போகத்தான் வந்தேன்."

"தெரியும்டி. மொத நாளே உன் பொட்டிய தூக்கினேனே. இம்மாம் பெரிய பொட்டி, உள்ள பாதி காலி. யாரு துணிக்கு எடம் வுட்டுகினு வந்திருக்கேன்னு எனக்குத் தெரியாதா?"

"நீதானே வரேன்னு சொன்னே."

அவள் தட்டைக் கீழே வைத்தாள். "சொன்னேன். அன்னிக்கு அது நெசம். அவரு போயி, ஊடே வெறிச்சுனு கெடந்துது. ரெண்டு மாசம் கழிச்சி ஒரு நாளு காலையில எந்திரிச்சேன், காபி போட்டேன், மாடில யாரோ கொழந்த அழுவுதுன்னு போய்ப் பாத்தேன். அவ்ளோதான். வரணும்னு தோணல." ஒரு கல்லை எடுத்துப் போட்டுவிட்டு, "அங்க வந்தா நான் யாருடி? இப்ப நான் இந்தியா பாஸ்போட்டு. ஒரு மாசத்துக்கு முத்திர குத்திக் குடுப்பாங்க. விருந்தாளி" என்றாள்.

நான் பொறுக்கின பயற்றையே திரும்பப் பொறுக்கினேன். அவள் என் முழங்காலில் கை வைத்தாள்.

"நீ இங்க இருந்துடேன் மல்லி. ரெண்டு பேரும் இருப்போம்."

அவள் முடிக்கவில்லை, நான் தொடங்கிவிட்டேன். அது எப்படி முடியும், எனக்குத் தண்ணி ஒத்துக்கொள்ளவில்லை, காலை ஆறு மணிக்கு நாசி லெமாக்குக்கு ஆள் வந்து நிற்கும், மகள் மாதத்துக்கு ஒரு தடவை வருவாள் கதவு பூட்டியிருந்தால் என்ன நினைப்பாள், என் மல்லிச் செடிக்கு யார் தண்ணீர் ஊற்றுவது, பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா நோன்புக்குக் கஞ்சி கொடுத்தனுப்புவார் வாங்க ஆள் வேண்டாமா, என்று மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டே போனேன். அக்கா கேட்டுக்கொண்டே இருந்தாள். அவள் முகத்தைப் பார்த்துத்தான் நிறுத்தினேன்.

"எனக்கும் இதான்டி" என்றாள். "இவ்ளோ நீட்டா சொல்ல வராது."

எனக்குக் கோபம் வந்தது. அவள் மேல் இல்லை. ஒரு வருஷமாக அவளுக்காகக் கவலைப்பட்டவள், அவள் கூப்பிட்டபோது ஒரு நொடிகூட யோசிக்கவில்லையே என்று என் மேலேயே வந்தது. கண்ணீரும் வந்தது. அவள் துடைக்கவில்லை, பயற்றை மட்டும் நனையாமல் என் பக்கத்திலிருந்து இழுத்து வைத்துக்கொண்டாள். அப்புறம் எழுந்து, வடகம், வற்றல், பருப்புப்பொடி என்று என் பெட்டியின் காலிப் பாதியை அடைக்க ஆரம்பித்தாள். எடை கூடிவிடும் என்று நான் பயந்தேன். முரளி பெட்டி மாட்டுகிற கைத்தராசில் தூக்கிக் காட்டிய பிறகுதான் ஓய்ந்தேன்.

கிளம்புகிற நேரம் கொலுவுக்கு அழைத்திருந்த பெண்கள் வருகிற நேரமாகவும் ஆகிவிட்டது. விமான நிலையத்துக்கு அக்கா வரவில்லை. நான் லிஃப்டுக்குள் போக, அதிலிருந்து நாலைந்து பேர் பட்டுப்புடவையில் வெளியே வந்தார்கள். அக்கா வெற்றிலைத் தட்டோடு வாசலில் நின்று, "வாங்க வாங்க, உள்ள வாங்க" என்றாள். அவர்கள் தலைக்கு மேலாக என்னையே பார்த்துக்கொண்டு சொன்னாள். கையில் தட்டு இருந்ததால் கை அசைக்கவில்லை. லிஃப்ட் கதவு மூடிக்கொண்டது.